கனமான சைக்கிளில் நான் முந்திய நாள்

சென்ற ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துறையூருக்கு அப்பால் பச்சைமலை ஏறும் சாலையில் இது நடந்தது. நாங்கள் திருச்சி காட்டூரில் இருக்கிறோம். என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். நான் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருக்குமே ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மகள் வேலை கிடைத்து வெளிநாடு போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கினோம். மலைப்பாதைக்கென்றே தடித்த டயர் வைத்த சைக்கிள். ஞாயிறு வந்தால் எங்காவது கிளம்பிவிடுவோம். வருடத்துக்கு நாலைந்து தடவை பச்சைமலை. அடிவாரம் வரை வாடகை வண்டியில் சைக்கிளை ஏற்றிப் போய், அங்கிருந்து மிதிப்போம்.

மிதிப்போம் என்று சொல்கிறேனே தவிர, அவர் முன்னால், நான் பின்னால். முதல் இரண்டு வளைவு வரை அவர் முதுகு தெரியும். அப்புறம் அதுவும் தெரியாது. மேலே போய்க் காத்திருப்பார். நான் நாக்குத் தள்ளிப் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா? கிளம்பலாமா?" என்பார். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார், நான் அப்போதுதான் வந்திருப்பேன். கோபம் வரும், ஆனால் மூச்சு வாங்குகிற வாங்கலில் கோபத்தைச் சொல்லக்கூட முடியாது. ஒரு தடவையாவது பக்கத்தில் பேசிக்கொண்டே ஏற மாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வாயைத் திறந்து கேட்டதில்லை.

அதற்கு முந்தைய ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதத்தில் வேலைக்குப் போய்விட்டார். சைக்கிள் மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அதில்தான் உடைந்துபோனார். சாயங்காலம் சைக்கிளைத் துடைப்பார். ஓட்டாத சைக்கிளில் என்ன தூசி இருக்கப் போகிறது? ஆனாலும் துடைப்பார். பிறகு மொட்டை மாடிக்குப் போய் வடக்குப் பக்கம் பார்த்து நிற்பார். எங்கள் மாடியிலிருந்து பச்சைமலை தெரியாது. அது அவருக்கும் தெரியும். நானும் தனியாக எங்கும் போகவில்லை. இரண்டு சைக்கிள்களும் மாடிப்படிக்குக் கீழே ஒன்றோடொன்று சாய்ந்தபடி கிடந்தன.

எட்டாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சொன்னார்: "சமதளத்துல ஓட்டுங்க. மேடு வேண்டாம். ஏறியே ஆகணும்னு அடம்பிடிச்சா, மோட்டார் வெச்ச சைக்கிள் ஒண்ணு வாங்கிக்குங்க." அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை என் கணவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்தில் ரயில் நிலையம் போகும் சாலையில் ஒரு சைக்கிள் கடை உண்டு. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் மலையேறும் பேட்டரி சைக்கிள்கள் இரண்டு இருந்தன. ஒன்று இலேசானது, பதினெட்டு கிலோவுக்குள். மோட்டார் சின்னது, பேட்டரியும் சின்னது, பார்க்கச் சாதாரண சைக்கிள் மாதிரியே இருக்கும். மற்றது இருபத்தைந்து கிலோ. தண்டே புடைத்துக்கொண்டு, உள்ளே பெரிய பேட்டரி இருக்கிறது என்று ஊருக்கே சொல்லும்.

"சார், இலேசான வண்டி உங்க காலுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். பாதி வேலைய நீங்கதான் செய்யணும்," என்றார் கடைக்காரர். "பெரிய வண்டியில மேடுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ஆனா பேட்டரி தீர்ந்துச்சுன்னா தள்ளிக்கிட்டு வர்றது பெரும்பாடு."

என் கணவர் யோசிக்கவே இல்லை. "இலேசானதுதான். அது என்னங்க, இன்னொண்ணு? பாதி பைக் மாதிரி இருக்கு. அதுக்கு நான் பஸ்லயே போயிடுவேன்."

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதருக்கு எதற்குப் பாதி வேலை? கடையிலேயே இருவரும் குரலை உயர்த்திவிட்டோம். கடைக்காரர், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாள் வீட்ல வெச்சு ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை நானே குட்டி யானையில ஏத்தி மலையடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏறிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வாங்கலைன்னாலும் பரவாயில்லை," என்றார்.

ஞாயிறு விடிகாலையில் சரக்கு வண்டியில் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டும்போது என் கணவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி வந்தார். முகத்தில் எட்டு மாதமாக நான் பார்க்காத ஒரு களை. அடிவாரத்தில் இறங்கியதும் கடைக்காரர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். "நிதானமாப் போயிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்."

இலேசானதில் அவர், கனமானதில் நான். பாதி வழியில் ஒரு சின்னக் கோயிலும் அடிபம்பும் உண்டு. அங்கே நின்று சேர்ந்துகொள்வது என்று பேசிக்கொண்டோம். தண்ணீர் அவர் சைக்கிளில். அவருக்கு நெஞ்சு அடைத்தால் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை, என் இடுப்புப் பையில்.

முதல் மிதியிலேயே அந்தச் சைக்கிள் என்னை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. முதல் வளைவில் வழக்கமாக எனக்குத் தொடை கனக்கும். அன்று கனக்கவில்லை. இரண்டாவது வளைவில் அவரைத் தாண்டினேன். "போ, போ" என்று கையைக் காட்டினார். போனேன். மூங்கில் புதர்களுக்கு நடுவே காற்று சில்லென்று வந்தது. எங்கிருந்தோ பலாப்பழ வாசனை. ஐம்பத்தொரு வயதில் முதல் முறையாக, அந்தச் சாலையில் எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை.

கோயில் வந்தது. நின்றேன். கீழே இரண்டு வளைவுக்கு அப்பால் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கையசைத்தேன். அவரும் அசைத்தார். வருகிறார், நன்றாகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து சேரும் வரை நிற்பதாகத்தான் பேச்சு. நான் நிற்கவில்லை. இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க ஆளில்லை.

மேலே போய்ச் சேர்ந்து, அவர் எப்போதும் உட்காரும் பாறையில் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வந்துட்டீங்களா? கிளம்பலாமா?" என்று கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். கால் மணி நேரம் போனது. இருபது நிமிடம். அரை மணி. போனில் டவர் இல்லை. தண்ணீர் தாகம் எடுத்தது. தண்ணீர் அவரிடம்தானே என்று நினைத்த அடுத்த நொடி, கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. மாத்திரை என்னிடம்.

இறங்கியது எப்படி என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல முடியாது. ஏறும்போது இறகாக இருந்த சைக்கிள் இறக்கத்தில் பாறாங்கல்லாக இழுத்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கைப் பிடித்த வேகத்தில் சைக்கிள் சரளைக் கல்லில் சறுக்கி, சாலையோரச் சுவரில் உரசி நின்றது. டிரைவர் ஏதோ திட்டினார். முழங்கையில் ரத்தம். வாய் மட்டும் ஒரே பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டியவர் பேரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குக் கொஞ்சம் மேலே, ஓலைக் கொட்டகை போட்டுப் பலாப்பழம் விற்கும் பெண் ஒருவர் உண்டு. கொட்டகை வாசலில் இலேசான சைக்கிள் படுத்துக் கிடந்தது. உள்ளே சாக்கு விரிப்பில் என் கணவர், மூங்கில் கம்பத்தில் சாய்ந்து, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. அந்தப் பெண் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முன்னாடி பறந்து போனது நீங்கதானா? நான்கூட நினைச்சேன், இந்தம்மா திரும்பிக்கூடப் பாக்காம போகுதேன்னு," என்றார். குத்திக்காட்டும் குரலில்லை. பார்த்ததைச் சொன்னார். எனக்கு நெஞ்சில் இறங்கியது.

மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, அதை வாங்கி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார். "வலியான்னு தெரியலை. பயமான்னும் தெரியலை," என்றார் மெதுவாக. சனிக்கிழமை சாயங்காலம் பொன்மலைக் குடியிருப்பு முழுக்க அந்தச் சைக்கிளை ஓட்டிக் காட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது. திரும்ப சார்ஜ் போடவுமில்லை. நான் தாண்டிப் போனதும் ரோஷத்தில் மோட்டாரை உச்சத்தில் வைத்து விரட்டியிருக்கிறார். கோயிலைத் தாண்டியதும் பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்படியும் இறங்காமல் வெறும் காலால் மிதித்திருக்கிறார். கொட்டகைக்கு எதிரே தள்ளாடிச் சாய்ந்தவரை அந்தப் பெண்தான் தாங்கி உட்காரவைத்தார்.

"அந்தப் பாறை மேல ஏறி நில்லுங்கம்மா, டவர் கிடைக்கும்," என்று அந்தப் பெண் காட்டிய இடத்திலிருந்துதான் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் வண்டி வரும் வரை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக என் கணவரின் மூச்சு அடங்கியது. பிறகு கேட்டார்:

"ஆள் கண்ணுல படாம போயிடறப்ப, பின்னாடி வர்றவங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?"

நான் அவர் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ சொல்லலையே."

"மேல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கிறதும் சுகமில்லைன்னு எனக்கு இன்னிக்குத்தாங்க தெரியுது," என்றேன். இருவருமே அழுதோம். பலாப்பழம் விற்கிற பெண் எங்களைப் பார்க்காத மாதிரி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பும்போது எட்டுச் சுளையை இலையில் மடித்து என் மடியில் வைத்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

கடைக்காரர் நேராக மருத்துவமனைக்கே வண்டியை விட்டார். மாலை வரை கூடவே இருந்தார். மாரடைப்பு இல்லை, அளவுக்கு மீறி அலட்டிக்கொண்டதுதான் என்றார்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். சுவரில் உரசி வண்ணம் போன சைக்கிளைப் பற்றி நான் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தபோது கடைக்காரர், "சாரைப் பாத்துக்குங்க மேடம். வண்டி எங்கயும் போயிடாது," என்றார்.

நான்கு மாதம் கழித்து, டாக்டரிடம் இந்த முறை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, ஸ்ரீரங்கம் போனோம். என் கணவரே கனமானதைக் கைகாட்டினார். நான் உரசிய அதே சைக்கிள்தான். வேறு புதிது தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "இதுவே இருக்கட்டும்" என்றுவிட்டார். இப்போது வேலைக்கும் அதில்தான் போகிறார். "என்ன சார், பேட்டரி வண்டியா?" என்று பணிமனை வாசலில் யாராவது சீண்டினால், "ஆமாம்பா, நெஞ்சுல தையல் போட்டிருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறாராம்.

நான் என் பழைய கியர் சைக்கிளிலேயே இருக்கிறேன். டாக்டர் அனுமதியோடு, அதன் பிறகு மூன்று தடவை பச்சைமலை ஏறிவிட்டோம். அவர் நினைத்தால் என்னை விட்டுவிட்டுப் பறக்கலாம். பறப்பதில்லை. மோட்டாரைக் குறைத்து வைத்து, என் வேகத்துக்கு, என் வலது பக்கத்தில் வருகிறார். எதிரே வண்டி வந்தால் மட்டும் பின்னால் ஒதுங்கி, திரும்பப் பக்கத்தில் வந்துவிடுவார். வழியெல்லாம் பேச்சு. மகள் போனில் சொன்னது, பணிமனை வம்பு, எல்லாம். எனக்கு மூச்சு வாங்குவதால் "ம்" கொட்டத்தான் முடிகிறது. எத்தனையோ வருடம் நான் உள்ளுக்குள் ஏங்கியது இதற்குத்தான்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசிக்கொண்டு வரும்போது சில சமயம் என் கண் அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறது. எனக்கு முன்னால் யாருமில்லாமல், மூங்கில் காற்றில் நான் தனியாகச் சிரித்த அந்தக் கொஞ்ச நேரம் திரும்ப வராதா என்று தவிக்கிறது. அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோன அந்த நேரத்துக்காகவா ஏங்குவது என்று என்னையே நொந்துகொள்கிறேன். ஆனாலும் ஏக்கம் போகவில்லை. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் பேசாமல் பொறுத்துப் போனது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்துவிட்டேன். அதனால்தான், வீட்டுக்கு வரும் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விடாமல் படிக்கிறவர் அவர் என்று தெரிந்தே, அந்தப் பத்திரிகைக்கே இதை எழுதி அனுப்புகிறேன்.