தின்னாதவர் பிடித்த விரால்

கோமதிநாதன் வீட்டில் மீன் என்ற பேச்சே எழுந்ததில்லை. தலைமுறைகளாகச் சைவம், அப்பா கோயிலில் ஓதுவாராக இருந்தவர். சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோமதிநாதனுக்கு, நாற்பது வயதுக்கு மேல், யூடியூப் பார்த்துத் தூண்டில் பித்து பிடித்தது. ராடும் ரீலும் நண்பர் மாரிச்செல்வத்தின் மோட்டார் பட்டறையில் இருக்கும். ஞாயிறு காலை இருவரும் குளத்துக்குப் போவார்கள். திரும்பியதும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் கோமதிநாதன் வீட்டுக்குப் போவார். பட்டறையில் பேசிக்கொண்டிருந்ததாக மனைவி பிரம்மநாயகியிடம் சொல்வார்.

அந்தப் பொய்க்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கொல்லாதவரைக்கும் குற்றமில்லை என்று நம்பினார். பிடித்ததைத் தின்பவர்களைச் சற்றுக் கீழாகப் பார்க்கவும் அந்த நம்பிக்கை உதவியது.

கை தேறியிருந்தது, அதை மறுக்க முடியாது. ஆம்பல் இலைகளின் மேல், இரைக்குப் பதிலாக முள் பொருத்திய ரப்பர் தவளையைத் துள்ளவிட்டு, இலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும் இடத்தில் நிறுத்துவார். விரால் கவ்வியதும் மற்றவர்கள் உடனே இழுத்து மீனைத் தவறவிடுவார்கள். இவர் மீன் தவளையை நன்றாக உள்ளே வாங்கும்வரை பொறுப்பார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிறு. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் குளமொன்றின் ஓரத்தில், செந்நிறமாக ஒரு கூட்டம் மேலே வந்து வந்து மூச்சு வாங்கியது. விரால் குஞ்சுகள். அடியில் காவலுக்குத் தாய் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பசியில்லாமலே பாயும்.

"வேண்டாம் வே, பிள்ளைக்காரி," என்றார் மாரிச்செல்வம்.

"விடத்தானே போறேன்? திரும்பக் குஞ்சுககிட்ட போயிரும்."

"திங்கவும் மாட்டீரு, சும்மா இருக்கவும் மாட்டீரு. நல்ல சைவம்வே ஒம்ம சைவம்!"

"வாராவாரம் குழம்பு வைக்குத ஆளு எனக்கு இரக்கம் சொல்லித் தாரீரோ?"

வீசினார். மீன் பாய்ந்தது. வழக்கம்போல் பொறுத்தார். முழங்கை நீள விரால் கரைக்கு வந்தபோது தூண்டில் முள் செவுளுக்குள் இறங்கியிருந்தது. குறடால் எடுக்க எடுக்க ரத்தம் வந்தது.

"இது பொழைக்காது. இங்கன குடும், குழம்புக்காவது ஆவும்."

"மாட்டேன். இது என் கையால சாவக்கூடாது."

கோமதிநாதன் குனிந்து மீனைத் தண்ணீருக்குள் ஏந்திப் பிடித்து மெல்ல அசைத்தார். அது நழுவி ஆழத்துக்குள் போனது.

"பாத்தீரா?"

சற்று நேரத்தில், கை எட்டாத தூரத்தில், வெள்ளை வயிறு மேலே தெரிய மீன் மிதந்தது. கொக்குகள் குஞ்சுக் கூட்டத்தருகே இறங்கின. கோமதிநாதன் கல்லெறிந்தார். கொக்குகள் எழுந்து, திரும்ப இறங்கின. மறுபடியும் எறிந்தார்.

"எத்தன நாளைக்கு வே எறிவீரு? வாரும்."

அதோடு தூண்டிலை விட்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். விடவில்லை. அடுத்த ஞாயிறும் போனார். இப்போது பிடித்ததை மாரிச்செல்வத்திடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். அவரும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

"ஞாயித்துக்கிழம ஆனா ஏன் இப்படி உம்முனு இருக்கீங்க?" என்று பிரம்மநாயகி ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்று இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார் கோமதிநாதன்.