அந்தப் படக்கதையில் அம்மாக்கள் இல்லை

ஜப்பானில், நகோயாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரில் யாரும் காயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. என் மகள் யாழினி ஒரு வாரமாகக் கன்னம் இரண்டும் கன்றிப்போய்ப் பள்ளிக்குப் போய் வருகிறாள். எதிர்வீட்டு அம்மாள் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, வெயில் அதிகம் என்கிறார். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஏழாயிரம்பண்ணையில் விரலில் துணி சுற்றியிருந்தாலே, பஸ் ஏறுவதற்குள் பத்துப் பேராவது, "எங்கன பட்டுச்சு? எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிடுவார்கள். இவ்வளவு மரியாதை எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கதவில் இடித்துக்கொண்டதாக யாழினி சொன்னாள். கதவு இரண்டு கன்னத்திலுமா இடிக்கும்? அவள் குளிக்கப் போனதும் பையைத் திறந்தேன். நீளமான வெள்ளைத் துணிச் சுருள்கள். நம் பக்கத்தில் அப்படித் துணி இருந்தால் தீக்காயம் என்றுதான் அர்த்தம். இங்கும் கோடைத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை உண்டு, பள்ளிப் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போவதும் உண்டு. பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

துணிக்கு அடியில் ஒரு மங்கா இருந்தது, இந்த ஊர்ப் படக்கதை. கம்பிவலைக் கூண்டுக்குள் இளம்பெண்கள் குத்தும் உதையும் கழுத்துப்பிடியுமாகச் சண்டை போட்டார்கள். அவர்கள் கையிலும் அதே வெள்ளைத் துணி. எழுத்து தெரியாவிட்டாலும் கடைசிவரை புரட்டினேன். மூக்கில் ரத்தம் வழிய ஜெயிக்கிறார்கள், சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், அழுகிறார்கள். ஒருத்திக்கும் அம்மா இல்லை. பெற்றவளை ஒளித்துவைக்கும் கதையை எப்படி நம்புவது?

மறுநாள் சாயங்காலம் பின்னாலேயே போனேன். சைக்கிள் கடை மாடியில் ஒரு ஜிம், அதற்குள் படக்கதையில் பார்த்த அதே கம்பிவலைக் கூண்டு. என் மகள்மேல் இன்னொருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். "ஏய், விடுடி அவள!" என்று கத்திவிட்டேன். பயிற்சி கொடுக்கும் பெண் ஓடிவந்தார். யாழினியைக் காட்டி, "இதாய், இதாய்" என்றேன். வலிக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான். அவர் எனக்குத்தான் வலி என்று நினைத்து, என்னை உட்காரவைத்து என் முழங்காலில் மருந்துப் பட்டை ஒட்டினார்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். யாழினியின் முதல் போட்டிக்கு நான் முத்திரை வைக்க வேண்டுமாம்; இங்கே கையெழுத்துக்குப் பதில் அதுதான்.

"என்னடி எழுதியிருக்கு?"

"அடிபட்டா யாரையும் கேக்க மாட்டோம்னு."

என் அக்கா சிவகாசி ஆஸ்பத்திரியில் வெந்த கையோடு கிடந்தபோது, கம்பெனி ஆளும் இப்படித்தான் பணிவாக ஒரு தாளைக் கொண்டுவந்தார். "சும்மா ஒரு ரேகைதான், வைங்கக்கா" என்றார். அம்மா வைத்தாள். அக்காவின் விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. ரேகை வைத்துவிட்டதால் எங்களால் கேட்கவும் முடியவில்லை.

"முடியாது" என்றேன்.

"இங்கன மட்டுந்தாம்மா என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுறாக" என்றாள் யாழினி. "பள்ளிக்கூடத்துல நான் வெறும் இந்தியாக்காரப் புள்ள."

அது எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கைப்பையிலிருந்து, எங்கள் வீட்டுப் பெயரை ஜப்பானிய எழுத்தில் செதுக்கிய முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மேலே தமிழில் எழுதினேன்: 'என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உங்களைச் சும்மா விடமாட்டேன்.'

என்னவென்று அந்தப் பெண் கேட்டார். யாழினி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, என்னைக் குனிந்து வணங்கினார்.

"என்னடி சொன்ன?"

"ஆசீர்வாதம்னு."

அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கூண்டுக்கு மேலே மாட்டிவிட்டார்கள். இந்த ஊரில் தமிழில் எழுதி மாட்டியிருப்பது அது ஒன்றுதான்.