கடிக்கப் பழக்கியது யார்

இன்று கட்டுகஸ்தோட்டையில் மிருக டொக்டரிடம் போன இடத்தில், எங்கள் பூனை சுட்டி கூடைக்குள் இருந்தே என் விரலைக் கவ்விவிட்டது. இத்தனை வயசுக்கு, அத்தனை பேர் முன்னால் "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"இன்னொரு கடி கடிச்சா கலகெதரயில என் தம்பி கடைக்கு அனுப்பிருவேன்" என்று என் மனைவி, எங்கள் வீட்டுக்காரம்மா, போன வாரமே தீர்ப்புச் சொல்லியாச்சு. அன்றையிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

டொக்டர் சுட்டியைத் தடவிப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்ல. குட்டியில யாரு இதுக்குக் கைய ஆட்டி வெளையாட்டுக் காட்டினது? கையத்தான் வெளையாட்டுச் சாமான்னு நெனைச்சிருக்கு. இனிமே கயிறை ஆட்டுங்க, மாறிரும்."

வீட்டுக்காரம்மா மகளை முறைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, "நான்தான் டொக்டர்" என்றாள்.

"சரி, ஒரு மாசம் பாப்போம். கயிறு வாங்குங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எனக்குத்தான் விரலும் வலித்தது, மற்றதும் வலித்தது.

வீட்டுக்காரம்மா பேஸ்புக்கில் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். வேலை விட்டு வந்து தினமும் விரலை ஆட்டி ஆட்டிக் கடிக்கப் பழக்கியது நான்தான் என்று அங்கே வாய் திறந்து சொல்லவில்லை.