கேன்டீனில் குத்திய குத்தூசி

கோட்டாற்றில் செய்யது அலியின் பருப்புக் கடை முன்னால் லாரி வந்து நின்றால், சுமடு இறக்குகிறவர்கள் முதலில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். முதலாளி சரக்கு பார்த்து முடிக்க அத்தனை நேரமாகும். அவர் கையில் குத்தூசி இருக்கும். நுனி கூராகவும் நடுவில் குழிவாகவும் இருக்கும் இரும்பு அது. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே கிடக்கும் பருப்பு கொஞ்சம் குழிவில் ஏறிக்கொண்டு வெளியே வரும். மற்ற வியாபாரிகள் மூட்டையின் வயிற்றில் குத்துவார்கள். செய்யது அலி முழங்காலை மடக்கிக் குனிந்து அடியில்தான் குத்துவார். நல்லதை மேலே போட்டுக் குப்பையை அடியில் தள்ளுவதுதான் உலகத்து வழக்கம் என்பது அவருடைய முடிவு.

நல்ல முடிவுதான். பருப்போடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்தவில்லை. பழக்கடையில் குவியலின் அடியில் இருந்த தர்ப்பூசணியை உருவி, மொத்தக் குவியலையும் ரோட்டில் உருளவிட்டார். மூத்த மகன் அனஸுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பிரியாணிச் சட்டியின் அடியைக் கிளறிக் காட்டச் சொன்னார். அந்த வீட்டார் அதற்குப் பிறகும் பெண் கொடுத்ததை அவர் மனைவி பல்கீஸ் பீவி இன்றுவரை அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவரின் கடைக்குட்டி மகள் பாஹிமா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்க வேண்டும் என்றாள். இடமும் கிடைத்துவிட்டது. பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யக் கொஞ்ச நாள்தான் இருந்தது. செய்யது அலிக்கு வேறு யோசனை. பக்கத்தில் ஒரு கல்லூரி இருந்தது. அதன் பஸ் தினமும் அவர் கடை வாசலில் நின்றுதான் போகும். காலையில் மகள் கடை முன்னால் ஏறுவாள், சாயங்காலம் கடை முன்னால் இறங்குவாள். ஒரு கல்லூரிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அங்க நான் கேக்க படிப்பு இல்ல வாப்பா" என்றாள் பாஹிமா.

"கண்ணுக்குத் தெரியாத கிருமியப் பாக்க மதுர வரைக்கும் போணுமா மக்ளே? நம்ம ஓடையில கெடக்காதா?"

பல்கீஸ் பீவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஊருல உள்ள மூட்டைய எல்லாம் குத்திப் பாக்கிய. வாசல்ல வந்து நிக்க மூட்டைய மட்டும் குத்தாம வாங்குவியளோ?"

அது சுருக்கென்று தைத்தது. வியாபாரத்தில் கை வைத்தால் அவர் தாங்கமாட்டார். இரண்டையும் பார்த்துவிடுவோம், மதுரையை முதலில் பார்ப்போம் என்று மறுநாளே ரயில் ஏறினார். மதுரைச் சரக்கில் குப்பை இருந்தாக வேண்டும் என்று போகும்போதே முடிவு செய்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கல்லூரியில் முதல்வர் அறையைத் தாண்டிப் போனார். அது மூட்டையின் வாய். அங்கே எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். அடி எது என்று தேடி கேன்டீனுக்குப் போனார். அங்கே ஒரு பையன் மேஜையில் காலைப் போட்டு உட்கார்ந்து, போனில் யாரிடமோ "நீ வரல்லியா? பின்ன எங்க போன?" என்று நம் ஊர் ராகத்தில் பேசிக்கொண்டிருந்தான். செய்யது அலிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எல்லையில் இருக்கும் தோவாளையைத் தாண்டிய பிறகு நம் பேச்சை எவன் பேசினாலும் அவன் பேச்சை அப்படியே நம்பிவிடுவோம்.

"எந்த ஊரு மக்கா?"

"மார்த்தாண்டமாக்கும் மாமா. பேரு அபின்."

"காலேஜ் எப்படி?"

"ஒண்ணும் கொள்ளாது மாமா. சாருமாரு ஒரே தொல்ல. எப்பம் பாத்தாலும் லேபு, டெஸ்டு. ஹாஸ்டல் சாம்பார்ல முங்கித் தேடினாலும் பருப்பு கிட்டாது."

கடைசி வாக்கியத்தோடு செய்யது அலிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பருப்பில்லாத சாம்பாரை நம்பி ஒரு பருப்பு வியாபாரி மகளை அனுப்புவாரா? அபினுக்கு ஒரு பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, திருப்தியாக ஊருக்கு வண்டி ஏறினார்.

வீட்டில் அவர் தீர்ப்பு வாசித்து முடித்தார். பாஹிமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டாள்.

"அந்தப் பையன்கிட்ட எப்பம் பேசினிய வாப்பா?"

"உச்சைக்கு முன்னாடி. ஒரு பதினோரு மணி இருக்கும்."

"கிளாஸ் நேரமாக்கும் அது. கிளாஸ் நேரத்துல அவன் கேன்டீன்ல என்ன செய்யுதான்?"

"பசிச்சிருக்கும்" என்றார் செய்யது அலி.

"கிளாசுக்குப் போன புள்ளைய யாருகிட்டயாவது கேட்டியளா? வாப்பா, நீங்க மூட்டையோட அடியில குத்தல்ல. மூட்டைக்கு வெளிய சிந்திக் கெடந்தத பெறக்கிப் பாத்துட்டு வந்திருக்கிய."

பல்கீஸ் பீவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். செய்யது அலி என்ன குணக்கேடு உள்ளவராக இருந்தாலும் நேர்மையான வியாபாரி. தப்பாக எடுத்த சாம்பிளை வைத்து அவர் இதுவரை எந்தச் சரக்கையும் தள்ளியதில்லை. மகளிடம் அந்த வழக்கத்தை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் பணம் கட்டினார். கட்டிவிட்டு அன்று முழுக்க லோடுமேன்களிடம் எரிந்து விழுந்தார்.

பாஹிமா மதுரைக்குப் போன பிறகு வீடு என்னவோபோல் ஆனது. சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டு இருக்கும் இடத்தைப் பார்ப்பார், பிறகு உப்பு சரியில்லை என்பார். அவள் போய்க் கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதாள். "எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசுதாவ வாப்பா. எனக்கு வாயே வரல்ல. சாம்பார்ல நெசமாவே பருப்பு இல்ல. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

"அழாத மக்ளே, வாப்பா வாறேன்" என்றார். குரலை வருத்தமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். அத்தனை சந்தோஷம். புதன்கிழமை விடியும் முன்பே, மகளின் துணிமணியை எல்லாம் வைத்துக் கொண்டுவரப் பெரிய காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"வாறேன்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்றாள் பல்கீஸ் பீவி.

"சொல்லிட்டுப் போனா மேல உள்ள சரக்கத்தான் காட்டுவாவ."

நேரே கேன்டீனுக்குத்தான் போனார். வகுப்பு பிடிக்காமல் மகள் அங்கேதான் வாடிப்போய் உட்கார்ந்திருப்பாள் என்பது அவர் கணக்கு. அவள் இல்லை. அபின் இருந்தான், அதே நாற்காலியில்.

"பாஹிமாவா? அவ இஞ்ச எங்க வருவா மாமா! லேப்லயே கெடப்பா. தயிருல என்னவோ கிருமி வளக்காவளாம். நேத்து நான் தின்னிட்டிருந்த தயிர் சாதத்துல ஒரு கரண்டி கேட்டு வாங்கிட்டுப் போனா."

செய்யது அலி காலிப் பெட்டியோடு மாடி ஏறினார். லேப் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாஹிமா அளவு பெரிய வெள்ளைக் கோட்டில், கை மடிப்பு நழுவ நழுவ, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். இவள் கண்ணை எடுக்காமலே இங்கிலீஷில் மறுத்தாள். தட்டுத் தடுமாறிய இங்கிலீஷ்தான், கோட்டாற்று ராகத்தில்தான். ஆனாலும் விடவில்லை, சண்டையே போட்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பருப்பில் கல் கண்டுபிடித்த நேரத்தில் தன் முகம் எப்படி இருக்குமோ, மகளின் முகம் அப்படி இருப்பதைச் செய்யது அலி பார்த்தார்.

கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். பெட்டியைப் பார்த்தால் கூடவே கிளம்பியும் விடுவாள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பெட்டி சுவரில் இடிக்காமல் இறங்கி வந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தார்.

வீட்டு வாசலில் பல்கீஸ் பீவி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "புள்ள எங்க?"

"சரக்கு நல்ல சரக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த ஞாயிறு பாஹிமா போனில் கேட்டாள், "எப்பம் வந்து கூட்டிட்டுப் போவிய வாப்பா?"

"கடையில லோடு வந்து கெடக்கு மக்ளே. அடுத்த வாரம் பாப்போம்."

இடையில் அந்த ஹாஸ்டல் சமையற்கட்டில் ஒரு மூட்டை துவரம்பருப்பு போய் இறங்கியது. அனுப்பியவர் பெயர் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வெகுநேரம் பேசினாள். தயிரில் உள்ள கிருமி, பக்கத்துப் பெண்ணோடு நடந்த சண்டை, செமினாரில் எழுந்து கேட்ட கேள்வி என்று மூச்சு விடாமல் பேசினாள். "சாம்பார்ல இப்பம் பருப்பு கெடக்கு வாப்பா. மூட்டைய நானும் போய்ப் பாத்தேன். அடியில ஒரு ஓட்ட."

"எலி கடிச்சிருக்கும்" என்றார் செய்யது அலி.

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூட்டிக்கொண்டு போக எப்போது வருவீர்கள் என்று இந்த வாரம் அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள். இதைத்தானே விரும்பினோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன கண்ணு இப்படி செவந்து கெடக்கு?" என்றாள் பல்கீஸ் பீவி.

"மொளவா மூட்ட பிரிச்சேன்."

"வீட்டுக்குள்ள ஏது மொளவா மூட்ட?" என்று கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.