ஜெபத்தில் சொன்ன குறை

எங்கள் சபையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போதகர் மீது குறை இருந்தால் அவரிடம் சொல்ல மாட்டோம். அவரை வைத்துக்கொண்டே கடவுளிடம் சொல்வோம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது, "ஆண்டவரே, எங்கள் ஐயாவுக்குப் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிக்கும் ஞானத்தைத் தாரும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் "ஆமென்" என்பார்கள். அந்த ஆமெனின் சத்தத்தை வைத்து, எத்தனை பேருக்கு அந்தக் குறை இருக்கிறது என்று போதகர் ஐயா புரிந்துகொள்ள வேண்டும். ஜெபத்துக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேச முடியாது, பாருங்கள். அதுதான் வசதி.

இதில் நான் கெட்டிக்காரி.

பச்சைத் தேயிலைக்கு விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. குன்னூருக்கு மேலே எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த சிறு தோட்டங்களில், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருந்தவை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. என் வீட்டுக்காரர் கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடியது. பிறகு அதுவும் இல்லை. எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைப்பேன். ஃபேக்டரிச் சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பேன். யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்க வேண்டியவர் ஐயாதான். அவரோ வரவேயில்லை.

முன்பிருந்தவர்கள் எல்லாம் மாதம் ஒரு முறையாவது வீடு வீடாக வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இந்த இளவயது ஐயா, வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தார். டீ குடித்தார், ஜெபித்தார், போனார். அதோடு சரி. ரோட்டில் பார்த்தால் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவார். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. "வசதியானவங்க ஊட்டுக்குத்தான் போவாரோ என்னமோ" என்று பக்கத்து வீட்டு அக்கா பற்றவைத்தார். எனக்குப் பற்றிக்கொள்ளக் கேட்கவா வேண்டும்?

அந்தப் புதன்கிழமை கோயில் பக்கத்து அறையில் கூட்டம். நான் ஜெபிக்கும் முறை வந்தது. "ஆண்டவரே, ஆடுகளின் வாசலை மறந்துபோன மேய்ப்பருக்கு ஞாபகசக்தியைத் தாரும். எங்கள் படியேறினால் அவர் செருப்பு தேய்ந்துவிடாது என்று அவருக்குத் தெரியப்படுத்தும்." முதல் வரியை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். இரண்டாவது ஆவேசத்தில் வந்தது. தகரக் கூரை அதிர "ஆமென்" என்றார்கள். அதில் ஒரு ஆமென் மட்டும் மெதுவாக, கடைசியில் வந்தது. அது ஐயாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில், மாற்றல் கேட்டுப் பேராயருக்கு எழுதிவிட்டதாக அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடப்பாவிகளா, கூரை அதிர ஆமென் போட்டவர்களும்தான்!

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "எங்கியாச்சும் ஒரு எடத்துல நில்லு. அவருகிட்டயே போய்க் கேட்டாத்தான் உனக்கு அடங்கும்" என்றார் என் வீட்டுக்காரர். உடனே கிளம்பிவிட்டேன். ஐயா தன் வீட்டு முன்னறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ஐயா, நாஞ் சொன்னதுக்காகவா போறீங்க?"

"நீங்க சொன்னது சரிதானக்கா. வாசலை மறக்கல. ஆனா படியேறல."

"ஏன் ஏறலீங்க? நாங்க என்ன பாவஞ் செஞ்சோம்?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு உங்க சின்னப் பொண்ணு அடுப்படி வாசல்ல நின்னு 'எம் பாலு, எம் பாலு'ன்னு அழுதா. சும்மா அழுவறான்னு சொல்லிட்டு டீயை என் கையில கொடுத்தீங்க. வேண்டாம்னு சொல்லி உங்க மனசை நோகடிக்க முடியல. குடிச்சுட்டேன். அடுத்த வீட்டுக்குப் போனா, அவங்க பால் வாங்கப் பின்வாசல் வழியா ஓடுறாங்க. அப்புறம் யார் வீட்டுக்கும் போக எனக்குக் கால் வரலக்கா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐயா வந்தால் பால் ஊற்றிய டீ கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கம் மானப் பிரச்சினை. குழந்தைக்கென்று வைத்திருந்த கடைசி அரை டம்ளர் பாலை அன்றைக்கு அதில்தான் ஊற்றினேன். அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தோடு கோபமும் வந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? சாயத்தண்ணி போதும்னு சொல்லியிருந்தா அதைக் கொடுத்திருப்பனே!" பாலில்லாத டீயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"ஏன் வரலன்னு நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றார்.

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மாற்றலை நிறுத்தச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பேராயருக்கு எழுதினோம். பலிக்கவில்லை. அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஐயா ஒவ்வொரு வீடாக ஏறி சாயத்தண்ணி குடித்தார். என் வீட்டில் இரண்டு டம்ளர். என் சின்னவள் தன் பாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த ஐயாவின் சாமான்கள் லாரியிலிருந்து இறங்கி முடிவதற்குள் நான் போய் எதிரே நின்றேன். "ஐயா, எங்க ஊட்டுக்கு அவசியம் வரோணுங்க. பால் இருக்காதுங்க, சாயத்தண்ணிதான். உங்ககிட்டக் கொறை கண்டா மூஞ்சியப் பார்த்தே சொல்லிப்போடுவனுங்க. ஜெபத்துல சொல்ல மாட்டேன்." அவர் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார்.

சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்தைத்தான் முந்தின ஐயாவுக்கு நான் கொடுக்கவில்லை.