குடையைத் தொலைத்த நரி

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் வறுத்த மிளகாய்த்தூள் மணக்கும். லண்டனில், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா தூள் வறுக்கும் நாட்களில், ஜன்னலெல்லாம் திறந்து வைத்தும் அடங்காத அந்தக் காரம் அடுத்த வீட்டு நவோகோவின் கதைப் புத்தகத்திலும் ஏறிவிட்டிருந்தது. ஜப்பானில் அச்சான புத்தகத்தில் எங்கள் வீட்டு மணம். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருந்தாள்.

நவோகோவின் தாய்க்கு நகருக்குள் ஒரு கொம்பனியில் வேலை. நடக்கப் பழகிய நாளிலிருந்து பிள்ளை பகலெல்லாம் எங்கள் அம்மாவிடம்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்பும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கே வருவாள். அம்மா அவளுக்கு "அன்ரி", நான் "அக்கா". தோசை வேண்டுமா என்றால் "ஓம்" என்று தலையாட்டுவாள், கத்தரிக்காய் என்றால் "ஏலாது" என்று கையை விரிப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய எங்கள் சனம் அவளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

ஏழு வயதில் வந்தது வில்லங்கம். அடுத்த கோடையில் அவர்கள் நாடு திரும்புவதாக இருந்தது, பிள்ளைக்கோ தன் மொழியைச் சரியாக வாசிக்க வரவில்லை. சின்னப் பிள்ளைகளின் புத்தகங்களில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருப்பார்கள், அவற்றைக் கடகடவென்று வாசிப்பாள். கொஞ்சம் வளர்ந்தவர்களின் புத்தகத்தில் அந்த இடைவெளி கிடையாது, பந்தி முழுவதும் ஒரே தொடர். சீனத்திலிருந்து வந்த, கோடுகள் நிறைந்த கொழுத்த எழுத்துகளும் வளைந்து நெளிந்த மெலிந்த எழுத்துகளும் கலந்து வரும். கொழுத்தது வந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு சொல் தொடங்குகிறது, பின்னால் வரும் மெலிந்தவை அதன் வால் என்று பழகிய கண் தானாகப் பிரித்துக்கொள்ளுமாம். நவோகோவோ நினைத்த இடத்தில் மூச்சு விட்டு, ஒரு சொல்லின் வாலை அடுத்ததன் தலையில் ஒட்டி, கடைசியில் அழுதுவிடுவாள்.

ஒருநாள் தாய் எங்கள் வாசலில் நின்று, அடுத்த மாதத்திலிருந்து பின்னேரங்களில் பிள்ளையை ஒரு ஜப்பானிய ஆசிரியையிடம் விடப்போவதாகத் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே அவள் காதில் விழுவதெல்லாம் தமிழ்தானே என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துப்போனது.

"ஒரு மாதம் பொறுக்கச் சொல்லு. பிள்ளையை நான் வாசிக்க வைக்கிறன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜப்பானிய மொழியில் ஒரெழுத்தும் தெரியாத மனுஷி! "அம்மா, உங்களுக்கென்ன விசரே?" என்றேன். "சொல்லடி" என்றார். சொன்னேன். அந்தத் தாய் சம்மதித்தது பாவம் பார்த்துத்தான்.

அடுத்த நாளே அம்மா சோபாவில் பிள்ளையைப் பக்கத்தில் அணைத்து வைத்துக்கொண்டு, குடையைத் தொலைத்த ஒரு நரியின் கதையைத் திறந்தார். நவோகோ முதல் வரியை இழுத்து இழுத்து வாசித்தாள்.

"எனக்கு விளங்கேல்லை. தமிழிலை சொல்லு."

"ஏலாது அன்ரி. இதிலை இடம் விடேல்லை."

"கதைக்கேக்க நாங்கள் இடம் விட்டு விட்டே கதைக்கிறம்? வாயாலை சொல்லிப் பார். காது பிரிச்சுத் தரும்."

அவள் அந்த வரியை முணுமுணுத்தாள். திரும்பவும் முணுமுணுத்தாள். "நரி... மழை... அன்ரி, நரி மழையைப் பாத்துது!"

"பிறகு?"

அம்மாவின் வாத்தியார் வேலை அவ்வளவுதான். தமிழில் சொல்வதென்றால் சொல் எங்கே முடிகிறது என்று பிள்ளை கண்டுபிடித்தே ஆகவேண்டும். எதையாவது சொல்லி அம்மாவைப் பேய்க்காட்டவும் முடியாது, அவருக்கு உண்மையாகவே கதை வேண்டியிருந்தது. "அந்த விசர் நரி குடையை எங்கைதான் விட்டது?" என்று அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடி வருவார். பிள்ளை இரண்டு வரி சொல்லுவாள். "பிறகு?" இன்னும் இரண்டு வரி. என்னிடம் ஒருநாளும் அம்மா இப்படிப் பக்கத்தில் இருந்து கதை கேட்டதில்லை என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மாத முடிவில் ஒரு பின்னேரம் தாய் நேரத்தோடு வந்துவிட்டார். உள்ளே நவோகோ ஒரு பக்கத்தை அவர்கள் மொழியில் தங்குதடையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற மறந்து அவர் அப்படியே நின்றார். ஆசிரியையிடம் விடும் பேச்சு அதோடு போனது. ஆனாலும் கோடை வந்தது, அவர்கள் போனார்கள். அம்மா பல நாள் அந்தச் சோபாவில் இருக்கவேயில்லை.

போன மாதம் நவோகோ தன் மகளோடு லண்டனுக்கு வந்தாள். அம்மா இப்போதும் அதே வீட்டில்தான். சோபா மாறிவிட்டது, தூளையும் நாங்கள் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு கடையில் பாக்கெட்டாக வாங்குகிறோம். "சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டு அம்மா கையைப் பிடித்தார். நவோகோ சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தமிழ் முழுவதும் போய்விட்டிருந்தது. ஓம் இல்லை, ஏலாது இல்லை, அன்ரிகூட இல்லை. அம்மா அந்தக் கையைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

தேநீர் குடித்தபின் சின்னவள் தன் புத்தகத்தைத் திறந்து தாய்க்கு வாசிக்கத் தொடங்கினாள். ஒரு வரி முடிந்தது.

"பிறகு?" என்றாள் நவோகோ.

அம்மா நிமிர்ந்தார். அது என்ன சொல் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். தங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் கதை கேட்கும்போது அப்படித்தான் கேட்பார்கள் என்றும், ஜப்பானிய மொழியில் அப்படியொரு சொல்லே இல்லையென்று கணவர் பகிடி பண்ணுவார் என்றும் சொன்னாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது, எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள்.

சின்னவள் பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தாய் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மெல்ல நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"பிறகு?"

பிள்ளைக்கு அது ஒரு புதுமையாகவே தெரியவில்லை. விரலை வரியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து அம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கினாள்.