மூட்டைக்கு அந்தப் பக்கம் டிவி

என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு: 'தெரியாது'. வெளியூர்க்காரர் யாராவது வண்டியை நிறுத்தி, இவர் கேள்விப்பட்டே இராத ஊருக்கு வழி கேட்டாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவார். அந்த ஆள் எங்கே போய்ச் சேர்ந்தாரோ என்று எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது. இவர் குறட்டை விடுவார்.

வடக்கனந்தல் கடைவீதியில் எங்களுக்கு ஒரு டிஷ் கடை. அவர் கூரை ஏறி டிஷ் குடை மாட்டுவார். நான் கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் போடுவேன், புகார் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்வேன். படம் வராத வீட்டுக்குப் போனால் அவர் செய்யும் முதல் வேலை, வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது. "மேலருந்து பிராப்ளம்ங்க. மல பக்கம் மேகம் ஜாஸ்தியா இருக்குது. மழத்தண்ணி சிக்னல குடிச்சிடும்" என்பார். கல்வராயன் மலைமேல் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு மேகம் நின்றுகொண்டிருக்கும் என்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. பிறகு கூரை ஏறி, கேபிள் முனையில் இருக்கும் துருவைச் சுரண்டி, படத்தை வரவழைத்துவிடுவார். வேலை தெரியாதவர் இல்லை. வாய்தான் முந்திக்கொள்ளும்.

இப்படி வானத்தைக் காட்டியே பிழைத்துக்கொண்டிருந்த மனிதரின் தலையில் வந்து விழுந்தது நெட் பாக்ஸ். குடையிலிருந்து வரும் கேபிளைக் குத்தினால் சேனல் வரும், வீட்டு வைஃபையைச் சேர்த்துவிட்டால் யூடியூபும் அதே டிவியில் வரும். எல்லாம் சரிதான், ஆனால் வைஃபை வராவிட்டால் எந்த வானத்தைக் காட்டுவது? அதனால் நெட் புகார் என்றால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். "பாஸ்வேர்டு எழுத்து பொடிசா இருக்குது, உனக்குத்தான் கண்ணு நல்லாருக்குது" என்று காரணம் சொல்வார். பழி போட ஒரு ஆள் வேண்டும் என்பது உள் காரணம்.

போன தை மாதம் கொளஞ்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. கோமுகி அணைக்குப் போகிற வழியில், மலை அடிவாரத்தில் அவர்கள் ஊர். புருஷன் இருசப்பனுக்கு மக்காச்சோளமும் கொஞ்சம் கரும்பும்.

"டிவில நெட்டு வர மாட்டேங்குது ரம்யா. முந்தி நல்லா வந்துகினு இருந்துச்சி. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தே ஆவணும்" என்றார்.

டிவி இல்லாமல் பத்து நாள்கூட இருந்துவிடுகிற பொம்பளை அவர். அவர் குரலில் அப்படி ஓர் அவசரத்தை நான் கேட்டதில்லை.

போனோம். முன் அறையில் கதவுக்கு மேலே ரூட்டர், பச்சை விளக்கு எரிய நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாண்டினால் கூடம். கூடத்தின் கடைசிச் சுவரில் டிவி, அதற்கு எதிரே இருசப்பனின் கயிற்றுக் கட்டில். முன் அறைக்கும் கட்டிலுக்கும் இடையில் மக்காச்சோள மூட்டைகள் உத்திரம் வரை அடுக்கிக் கிடந்தன. ஓரமாக ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வழி. பொங்கலுக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை பிடித்துக்கொண்டதில் ரோட்டில் காயப்போட வழியில்லாமல், ஊரில் எல்லோரும் ஈரத்தோடே மூட்டை கட்டி வீட்டுக்குள் ஏற்றியிருந்தார்கள். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். கட்டிலுக்கு அடியில்கூட மூட்டை.

"வூட்ல எதனா மாத்துனீங்களா?" என்று இவர் கேட்டார்.

"இன்னாத்த மாத்தறது? எல்லாம் வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்குது" என்றார் இருசப்பன், செய்திச் சேனலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவர் பாக்ஸை அணைத்துப் போட்டார். ரூட்டரை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை நான் படிக்க அவர் அமுக்கினார். டிவியில் வைஃபை பெயர் வந்தது, ஒரே ஒரு கோடு எட்டிப் பார்த்தது, போய்விட்டது. இவர் பழக்க தோஷத்தில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நான் முறைத்த முறையில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, பாக்ஸையே மொத்தமாகப் புதுசாக்கிவிடலாம் என்று ரீசெட் அடித்தார். நெட் வரவில்லை. இருசப்பன் வருஷக்கணக்காக விரல் நுனியில் வைத்திருந்த சேனல் வரிசை மட்டும் காணாமல் போனது.

"நியூஸு வர்ற எடத்துல கார்ட்டூன் வருதுப்பா" என்றார் அவர்.

"அப்டேட்டுங்க" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்த மூட்டைக்குள்ளேயே புகுந்துவிடலாம் போல் இருந்தது.

இரண்டாம் முறை போனபோது பாக்ஸின் முதுகில் செருகுகிற வைஃபை குச்சியைப் புதிதாக மாட்டினார். அதிலும் அதே ஒற்றைக் கோடு, அதே கண்ணாமூச்சி. அவர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருக்கும்போது கொளஞ்சியம்மாள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சுபா ஆடறா ரம்யா. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு. யூடியூப்ல காட்றாங்களாம்."

சுபஸ்ரீ அவர் பெண். சென்னைக் கல்லூரியில் கபடிக்காக இடம் கிடைத்துப் படிக்கிறாள். இருசப்பன் தன் அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அப்பன் அவளிடம் பேசுவதில்லை. தீபாவளிக்கு வந்தபோதும் கரும்புக் கொல்லைக்குப் போனவர் அவள் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்பினாராம். இப்போது பல்கலைக்கழகங்களுக்கு நடுவில் நடக்கிற போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறாள்.

"இதுக்கா இவ்ளோ? டிவிய முன் ரூம்புக்குத் தூக்கியாந்து வெச்சா வந்துடும்க்கா. ரூட்டரு அங்கதான இருக்குது" என்றேன்.

கொளஞ்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கறதுக்கு போனே போதும்மா. அவரு பாக்கணும். அங்க வெச்சா அவரு எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு. போன நீட்டுனா மூஞ்சத் திருப்பிக்குவாரு. நாலு மணிக்கு டீயத் தூக்கிக்கினு அந்தக் கட்டில்லதான் வந்து ஒக்காருவாரு. எதிர்ல அவ வந்துட்டா எங்க எழுந்து போவாரு?"

கூடத்துக்கு வந்து இவரிடம் விஷயத்தைக் காதில் சொன்னேன். ஸ்குரூ திருகிக்கொண்டிருந்த கை நின்றது. எங்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மனிதர் மெதுவாகச் சொன்னார்: "ஏன் வர்லன்னு தெரியல ரம்யா."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் மறுபடியும் போய்விட்டோம். ரூட்டரிலிருந்து டிவிக்கு நேராகக் கம்பி இழுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அத்தனை நீளக் கம்பி கள்ளக்குறிச்சியில்தான் கிடைக்கும், அன்றைக்கு அந்தக் கடை பூட்டு. போன் நெட்டிலிருந்து பாக்ஸுக்குக் கொடுக்கலாம் என்றால் அந்த ஊரில் டவர் கிடைக்கத் தண்ணித் தொட்டிக்குப் போக வேண்டும். வெளியே தூறல் வேறு. இருசப்பன் மாட்டுக்கொட்டகையில் இருந்தார்.

நேரம் ஆக ஆகக் கொளஞ்சியம்மாள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் முன் அறையில் நின்று என் போனை அவர்கள் வைஃபையில் சேர்த்தேன். படம் பளிச்சென்று வந்தது. அணிகள் வரிசையாக நிற்கின்றன, சுபஸ்ரீ மூன்றாவது ஆளாக நிற்கிறாள். "அக்கா, சுபாவப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே மூட்டைச் சந்தில் புகுந்து டிவி பக்கம் ஓடினேன். கொளஞ்சியம்மாள் குனிந்து பார்த்தபோது போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

முன் அறைக்குத் திரும்பினேன். ஓடியது. சந்துக்குள் வந்தேன். திக்கியது. அந்தப் பக்கம் போனேன். நின்றது.

"இன்னொருவாட்டி நட" என்றார் இவர். நடந்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தார். ஒரு மூட்டையின் தைத்த வாய்க்குள் விரலை விட்டு நாலு சோள மணிகளை எடுத்து நசுக்கினார். ஈரம். அப்புறம் நடு நெற்றியில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"மழ ரம்யா! மழத்தண்ணி சிக்னல குடிச்சிடும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேனே, அந்த மழைய மூட்ட கட்டி வூட்டுக்குள்ளாறயே அடுக்கி வெச்சிருக்காங்க. அறுப்புக்கு முந்தி வந்துச்சி, அறுப்புக்கு அப்பறம் வர்ல. எதனா மாத்துனீங்களான்னு கேட்டேனே!"

"மூட்டைய எவன்பா மாத்தம்னு சொல்லுவான்? அது வருசா வருசம் வர்றதுதான" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. இருசப்பன் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நடுவுல இருக்கிற மூட்டைய மட்டும் கொட்டாய்க்கு எடுத்துட்டா நெட்டு வந்துடும்" என்றார் இவர்.

"நல்லா இருக்குதே! வெளிய தூறிக்கினு இருக்குது. ஏற்கெனவே ஈரம், இன்னும் நனஞ்சா மொளச்சிக்கும். படம் பாக்கறதுக்கு எவனாச்சும் வெள்ளாமைய வெளிய போடுவானா?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். ரிமோட்டை எடுத்துக் கார்ட்டூனைத் தாண்டிச் செய்தியைத் தேட ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அதற்குள் கொளஞ்சியம்மாள் போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"படம் இல்லீங்க. சுபா ஆடறா. நீங்க பாக்கணும்னுதான் இவங்கள இத்தினி வாட்டி கூப்ட்டேன். எனக்காக வாணாம். ஒருவாட்டி அவளப் பாருங்க, அப்பறம் பேசுங்க, பேசாத போங்க. நான் கேக்க மாட்டேன்."

அந்த அம்மா அதற்கு முன் புருஷனிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. இருசப்பன் டீயைக் கீழே வைத்தார். எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சந்து வழியாக வெளியே போய்விட்டார். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் தார்ப்பாயை உதறுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் மாட்டை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு, தரையில் ஒன்று விரித்து, மேலே ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் மனிதர். உள்ளே வந்தார். துண்டைத் தலையில் சுற்றினார். முதுகைக் கொடுத்து, "தூக்கி வுடுப்பா" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

அப்புறம் நடந்ததை நான் என்னவென்று சொல்ல! ஒரு மூட்டை போகும். "இப்ப வருதா?" என்று வாசலிலிருந்து இருசப்பன் கத்துவார். "வர்லண்ணே!" இன்னொன்று போகும். "இப்ப?" டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நான். ஒரு கோடு வந்து நிலைத்தது. இரண்டாவது கோடு வந்தது. படம் வந்து, சுபஸ்ரீ கையைத் தூக்கிய நிலையிலேயே உறைந்து நின்றது. "வந்துச்சி, ஆனா அசைய மாட்டேங்குது!" என்றேன். "இரு, இன்னும் ரெண்டு எடுக்கறேன்" என்றார். அவர் வயதுக்கு அந்த ஓட்டம் ஓடியிருக்கக் கூடாது.

அவர் அடுத்த மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அடுக்கு சரிந்த இடைவெளி வழியே டிவி அவருக்கு நேராகத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் படம் அசைந்தது. சுபஸ்ரீ கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போகிறாள். நாலு பேர் அவளை வளைக்கிறார்கள். இருசப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மூட்டைய எறக்குங்க" என்றார் கொளஞ்சியம்மாள்.

"இரு, இரு. பின்னால ஒருத்தி வரா பாரு" என்றார் அவர்.

சுபஸ்ரீ துள்ளிக் குதித்து நடுக்கோட்டைத் தொட்டாள். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் புத்தி வந்து, ஓடிப்போய் மூட்டையை வாங்கினார். முதுகு இலேசானது தெரியாமல் இருசப்பன் இன்னும் குனிந்தபடியே நின்றார். ஆட்டத்தில் கடைசியில் அவள் அணி தோற்றுவிட்டது. அந்த வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டில் காலியாகவே கிடந்தது, டீ ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையை அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது, போன உடனே மூட்டையைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்ததாகத்தான் சொல்கிறார். நானும் விட்டுவிடுகிறேன். நீளமான கம்பி ஒன்றை வாங்கிப் போய் மாட்டிவிடுவதாக இருசப்பனிடம் சொல்லியிருந்தார், வழக்கம்போல் இன்னும் போகவில்லை.

நேற்று கடைக்குப் போன் வந்தது. எடுத்தேன். இருசப்பன்.

"ரம்யா, தொர இருக்கானா? அடுத்த அறுப்பு வருது. மூட்டைய எந்தப் பக்கமா அடுக்கலாம்னு கேட்டுச் சொல்லு. அறுப்பு சமயத்துலதான் மேட்ச்சாம்."

"எந்த மேட்ச்சுண்ணே? யாரு சொன்னது?"

"யாரு சொல்லுவா? சுபாதான். காலைல நான் போன் போட்டப்ப சொன்னா."